வண்டியைக் கழுவினால் போதுமா? காயவைக்கவும் கற்போம்



கடந்த ஓராண்டில் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வந்த மனுக்களைச் சில நாட்களுக்கு முன் எடுத்து வைத்துப் படித்தோம். சர்க்கரை, சிறுநீரகம், பிரசவம், கண் அறுவை என்று வழக்கமானவைதான் அதிகம். அவற்றுக்கு நடுவே இரண்டு மனுக்கள் மட்டும் நம்மை யோசிக்க வைத்தன. இரண்டும் நோயால் வந்தவை அல்ல. இரண்டுமே வண்டி கழுவிய நாளில் வந்தவை.

முதல் மனு நண்டு வியாபாரம் செய்யும் ஒரு சகோதரருடையது. பழவேற்காட்டில் அதிகாலையில் நண்டு எடுத்து, பைக்கில் வைத்து மீஞ்சூர் வரை கொண்டு போய் விற்பவர். பெருநாளுக்கு முந்தைய நாள் வண்டியைக் கழுவினார். செயின் சீக்கிரம் காயட்டும் என்று செண்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கியரையும் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்தார். துணியைச் செயின் இழுத்தது. துணியோடு விரலும் போனது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. உயிர் நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டுவதற்கு விரல் நுனி எவ்வளவு முக்கியம் என்பது நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். இன்று அவருடைய மனைவி நண்டைக் கட்டிக் கொடுக்கிறார், அவர் விற்கிறார்.

இரண்டாவது மனு ஒரு பள்ளி மாணவியின் தகப்பனாருடையது. ஜும்ஆ நாள் காலையில் அண்ணன் வண்டியைக் கழுவி, பளபளப்பாக இருக்க வேண்டும் என்று பாலிஷைச் சக்கரம் வரைக்கும் அடித்திருக்கிறான். ஈரம்கூடக் காயாமல், தங்கையைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்பினான். முதல் திருப்பத்தில் பிரேக் பிடித்தான், வண்டி நிற்கவில்லை. நின்றிருந்த தள்ளுவண்டியில் மோதி, தங்கையின் கால் முறிந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வைக் காலில் மாவுக்கட்டோடு எழுதினாள்.

இரண்டு பேருமே கவனமில்லாதவர்கள் அல்லர். வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தவர்கள். கழுவத் தெரிந்தது, காயவைக்கத் தெரியவில்லை. அவ்வளவுதான் குறை. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டோம்.

நம் ஊரில் ஈரம் மட்டும் பிரச்சினை அல்ல

வெளியூர்க்காரர்கள் வண்டியைக் கழுவி வெயிலில் விட்டால் காய்ந்துவிடும். நம் காட்டூரிலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் அப்படி விட முடியாது. காரணம் உப்பு.

மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைப் பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே உப்பு கசிந்து ஈரமாக இருக்கும். காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். கடலுக்கும் ஏரிக்கும் பக்கத்தில் இருக்கிற நமக்கு, இரவிலும் விடியற்காலையிலும் காற்று பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியே இருக்கும்.

இதையே வண்டிக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். வண்டியின் இரும்பில் உப்பு படிந்திருந்தால், பகலில் காய்ந்தது போலத் தெரியும். இரவில் அந்த உப்பே மறுபடியும் ஈரத்தை இழுக்கும். நாம் தூங்கும்போது துரு வேலை செய்துகொண்டிருக்கும். உப்பு இருக்கிற வரைக்கும் அந்த இரும்பு உண்மையில் காய்வதே இல்லை.

இந்த உப்பு மூன்று வழியாக வண்டிக்கு வருகிறது. ஒன்று, கடல் காற்று. இரண்டு, மீன் பெட்டி. ஐஸ் உருகி, மீனின் உப்பு நீரோடு கலந்து, பெட்டியின் ஓட்டை வழியாகப் பின்சக்கரத்திலும் செயினிலும் சைலன்சரிலும் சொட்டுகிறது. மூன்றாவது வழியைத்தான் நாம் கவனிப்பதில்லை. அது நாம் கழுவுகிற தண்ணீர்.

மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறத் தொடங்கியது 1960-களின் இறுதியிலேயே ஆய்வுகளில் பதிவாகிவிட்டது. சென்னையின் குடிநீருக்கும் விவசாயத்துக்கும் அளவுக்கு மீறி நீரை இறைத்ததில், பின்வந்த ஆண்டுகளில் அது பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்தது. இன்று நம்மில் பலருடைய வீட்டு போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாதது. அந்தத் தண்ணீரால் கழுவி, வெயிலில் நிறுத்தினால் என்ன நடக்கும்? நீர் ஆவியாகிப் போகும். உப்பு வண்டியிலேயே தங்கும். உப்பளத்தில் நடப்பதும் இதுதான். சேற்றை எடுத்துவிட்டு உப்பைப் பூசுகிறோம்.

நம் மீனவச் சகோதரர்களிடம் இதற்கு ஏற்கெனவே விடை இருக்கிறது. கடலுக்குப் போய்வந்த படகு மோட்டாரில் நல்ல தண்ணீரை ஓட்டி உப்பை வெளியேற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த பாடம். மோட்டாருக்குச் செய்வதை நாம் பைக்குக்குச் செய்வதில்லை.

ஆகவே முதல் விதி இது: எந்தத் தண்ணீரால் கழுவினாலும், கடைசித் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். சேறு போக உப்புத் தண்ணீரைப் பயன்படுத்திக்கொள்ளலாம். முடிவில் அரை வாளி, மிஞ்சினால் ஒரு வாளி நல்ல தண்ணீரை மக்கில் எடுத்து மேலிருந்து கீழாக ஊற்றி அலச வேண்டும். பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவத் தேவையில்லை. ஒளுச் செய்யும்போதுகூட நீரை வீணாக்கக் கூடாது என்று மதரஸாவின் முதல் வகுப்பிலேயே கற்றவர்கள் நாம்.

கழுவும் முன் நான்கு காரியங்கள்

1. ஓட்டிவந்த வண்டியை அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிடுங்கள். சூடான இன்ஜினிலும் சைலன்சரிலும் குளிர்ந்த நீர் பட்டால் உலோகத்துக்குக் கெடுதல். ஆவி அடித்துக் கையும் வெந்துபோகும்.

2. சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கழுவி முடித்து, துடைத்து முடிக்கும்வரை சாவி வண்டியில் இருக்கக் கூடாது. இதற்கான காரணத்தைச் செயின் பகுதியில் சொல்கிறோம்.

3. சைலன்சரின் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். கழுவி முடித்ததும் எடுக்க மறக்காதீர்கள்.

4. காலை எட்டு, ஒன்பது மணியளவில் கழுவுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று உலரும். கடல் காற்று உள்ளே வரும் முன்பு வண்டி காய்ந்துவிடும். மக்ரிபுக்குப் பிறகு கழுவி, ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடுவது வண்டியைத் துருவுக்கு ஒப்படைப்பது போல.

வாட்டர் சர்வீஸ் கடையில் விடுபவர்களுக்கு ஒரு சொல். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பிஎஸ்-6 வண்டிகளில் எலக்ட்ரானிக் கருவிகளும் சென்சார்களும் அதிகம். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரை மீட்டர், சுவிட்ச், ஒயர் இணைப்புகள், ஏர் ஃபில்டர் பெட்டி, சக்கரத்தின் நடு பேரிங் ஆகியவற்றின் மேல் நேராக அடிக்க வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். கடைசியில் அவர் அடிப்பது என்ன தண்ணீர் என்றும் கேளுங்கள்.

காயவைக்கும் முறை

முதலில், வடியவிடுங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிற வண்டியில் நீர் ஒரு பக்கமாகத் தேங்கும். செண்டர் ஸ்டாண்டில், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் திருப்பிவிடுங்கள். உச்சி வெயிலில் நிறுத்தினால் துளிகள் இருந்த இடத்திலேயே காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்கும். துடைப்பதற்கு முன் வெயில் வேண்டாம். துடைத்த பிறகு இளவெயில் நல்லது.

இரண்டாவது, துடையுங்கள். பழைய பருத்திக் கைலியைப் போல ஈரம் இழுக்கும் துணி வேறு இல்லை. அதில் இரண்டு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று டேங்க், முகப்பு விளக்கு, கண்ணாடி, சீட்டுக்கு. மற்றொன்று அடிப்பகுதிக்கு. அடியைத் துடைத்த துணியில் மணல் ஒட்டியிருக்கும்; அதை டேங்கில் தேய்த்தால் கீறல் விழும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குப் போங்கள். நம் ஊர் வண்டிகள் துருப்பிடிப்பது டேங்கில் அல்ல. யாரும் துடைக்காத இடங்களில்தான்.

முன்சக்கரத்துக்கு மேலே மின்னுகிற இரண்டு ஃபோர்க் குழாய்களைத் துடையுங்கள். அங்கே உப்பு அரித்துப் புள்ளி விழுந்தால், அந்தப் புள்ளி ஆயில் சீலைக் கிழிக்கும். ஆயில் கசிந்து முன் பிரேக் வரைக்கும் இறங்கக்கூடும். ஸ்போக்ஸ் சக்கரமாக இருந்தால் கம்பிகள் ரிம்மில் சேரும் இடங்களைத் துடையுங்கள். சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடம், சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங், மட்கார்டின் உட்புறம், நம்பர் பிளேட்டின் பின்புறம் ஆகியவற்றையும் விடாதீர்கள்.

சீட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பேட்டரியைச் சுற்றித் துடையுங்கள். பிளக் இருக்கும் குழியில் நீர் நிற்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டிகள் கழுவிய பிறகு ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

பெட்ரோல் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இப்போது நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை இழுக்கும் தன்மை உடையது. நீர் அதிகமாகிவிட்டால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். அதன் பிறகு வண்டி திக்கித் திக்கி ஓடும்.

நான்காவது, சுவிட்சுகளைச் சோதியுங்கள். சாவியை இப்போதுதான் போட வேண்டும். ஹாரன், முன்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் நான்கைந்து முறை அழுத்திப் பாருங்கள். பிரேக் லைட் எரிகிறதா என்று வீட்டுப் பிள்ளையைப் பின்னால் நின்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, சைலன்சர் வாயில் கட்டிய பையை எடுத்துவிட்டு, இன்ஜின் சூட்டால் உள் ஈரத்தைப் போக்குங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சைலன்சர் வழியே வெளியேறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டால் அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி நிற்கும். காயவைக்கப் போய், உள்ளே நனைத்துவிடுகிறோம். ஸ்டார்ட் செய்தால் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு வர வேண்டும். ஆனால் அதற்கு முன் பிரேக்கைப் பார்க்க வேண்டும்.

பிரேக்கைக் காயவைக்காமல் சாலைக்குப் போகாதீர்கள்

நம் வண்டிகளில் இரண்டு விதமான பிரேக் உண்டு. டிரம் பிரேக்கில் பட்டைகள் மூடிய உருளைக்குள் இருக்கின்றன. உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது. டிஸ்க் பிரேக் திறந்திருப்பதால் சீக்கிரம் காயும். ஆனாலும் முதல் ஒன்றிரண்டு பிடிப்புக்குச் சரியாகப் பிடிக்காது.

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடுகிறது. நனைந்த பிரேக் ஒரே ஒரு நொடி தாமதமாகப் பிடித்தாலும், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி 11 மீட்டர் போய்விடுவோம். நம் தெருக்களில் 11 மீட்டருக்குள் இரண்டு வீட்டு வாசல்கள் இருக்கின்றன. வாசலில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இன்ஜினைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு அடி நடந்து, முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். பிறகு பின் பிரேக். இரண்டும் பிடித்தால், ஆளில்லாத இடத்தில் நடக்கிற வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக ஓட்டிக்கொண்டு, பிரேக்கை லேசாக அழுத்தி விடுங்கள். மறுபடி அழுத்தி விடுங்கள். எட்டுப் பத்து முறை இப்படிச் செய்தால், உரசும் சூட்டில் பட்டை காய்ந்து, பிடிப்பு திரும்பி வருவதைக் கையாலேயே உணர முடியும். அது திரும்பும்வரை பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. குழந்தையை முன்னால் நிற்கவைத்து ஒரு ரவுண்டு போவது அறவே கூடாது.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸும், அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக்கும் கட்டாயமாக்கப்பட்டன. “என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறது” என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். நனைந்த பட்டையைக் காயவைக்காது.

பாலிஷ், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவற்றை டிஸ்க் தட்டிலோ, டயரிலோ, சீட்டிலோ, கால் வைக்கும் இடத்திலோ படவிடக் கூடாது. ஸ்பிரேயை வண்டியின் மேல் அடிக்காமல் துணியில் அடித்து, துணியால் தேய்த்தால் வேண்டாத இடத்துக்குப் போகாது. மறதியாக டிஸ்க்கில் பட்டுவிட்டால் அந்த வண்டியை ஓட்ட வேண்டாம். மெக்கானிக்கை வரவழைத்துச் சுத்தம் செய்யுங்கள். பட்டை எண்ணெய் குடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். மறுநாள் காலை டிஸ்க்கில் லேசான துரு தெரிந்தால் பயப்படாதீர்கள். இரண்டு முறை பிடித்தால் அது போய்விடும். அதற்காக எண்ணெய் தடவிவிடாதீர்கள்.

டிரம் பிரேக்கை ஈரத்தோடு பல நாள் நிறுத்திவிட்டால் பட்டை உருளையோடு ஒட்டிக்கொள்ளும். ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் நாளில் கழுவாமல், இரண்டு நாள் முன்னதாகக் கழுவி, ஓட்டிக் காயவைத்துவிட்டுப் போவது நல்லது.

செயின்: இன்ஜினை நிறுத்து, சாவியை எடு, கையால் சுற்று

இந்த மூன்று சொற்களை நம் வீட்டுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஓடுகிற இன்ஜினில் செயின் பல்சக்கரத்துக்குள் நுழையும் வேகத்தை நம் கண் உணராது. கியரில் இருக்கும் வண்டி, ஆக்ஸிலேட்டர் முறுக்காவிட்டாலும் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். துணியின் ஒரு நூல் சிக்கினால் போதும். கையை இழுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. நம் சகோதரர் சொன்ன வார்த்தை இது: “வலி அப்புறம்தான் தெரிஞ்சது. முதல்ல துணியைத்தான் தேடினேன்.”

சரியான முறை மிக எளிது. ஈரம் போகச் சிறிது தூரம் ஓட்டிவந்த பிறகு, செண்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். டயரைப் பிடித்துச் சக்கரத்தைக் கையால் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றிவிட்டு நிறுத்தி, நின்ற செயினைத் துடையுங்கள். மறுபடி சுற்றி நிறுத்தித் துடையுங்கள். சுற்றும்போது துடைக்காதீர்கள்; துடைக்கும்போது சுற்றாதீர்கள். ஒருவர் சுற்ற ஒருவர் துடைப்பதும் வேண்டாம். ஒருவரின் கை மற்றவருக்குத் தெரியாது.

காய்ந்த செயினுக்குத்தான் எண்ணெய். ஈரத்தின் மேல் எண்ணெய் விட்டால் உப்பு நீர் உள்ளேயே அடைபட்டுவிடும். வண்டியின் கையேடு சொல்லும் செயின் லூப் அல்லது கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கமாகச் சொட்டுவிட்டு, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் அது தெறித்து டயரில் படும். மீன், இறால், நண்டு ஏற்றுகிற வண்டிகளுக்கு இதை வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டும். பெட்டிக்கு அடியில் ஒரு தட்டோ தடித்த ஷீட்டோ வைத்து, நீர் சக்கரத்தில் படாமல் ஒரு பக்கமாக வடிய வழி செய்தால் பாதித் துரு குறையும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

மூடிய அறையில் இன்ஜினை ஓடவிட்டு வண்டியைக் காயவைக்காதீர்கள். புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை சுற்றுவது தெரிவதற்குள் ஆளை வீழ்த்திவிடும். மழைநாளில் வண்டியை வீட்டு நடைக்குள் ஏற்றி, கதவைச் சாத்தி, “கொஞ்ச நேரம் ஓடட்டும்” என்று விடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. உள்ளே உறங்கும் பிள்ளைகளை நினைத்து இதை இன்றோடு நிறுத்துங்கள்.

பெட்ரோலை நனைத்துத் துடைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தூரத்தில் இருக்கிற அடுப்பு வரைக்கும் போகும்.

பஞ்சர் கடைக் காற்றுக்குழாயால் ஊதுவதானால் கண்ணையும் ஆளையும் நோக்கிப் பிடிக்காதீர்கள். சக்கர பேரிங்கில் நேராக ஊதாதீர்கள்.

முந்தானை, துப்பட்டா, கைலி நுனி தொங்க வண்டியருகே வேலை செய்யாதீர்கள். சகோதரிகள் பலர் இன்று ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஸ்கூட்டரில் செயின் இல்லையே என்று இருந்துவிட வேண்டாம். இடப்பக்கப் பெல்ட் பெட்டிக்குள் நீர் போனால் பெல்ட் வழுக்கும், வண்டி இழுக்காது. அங்கே நீரைப் பீய்ச்சாதீர்கள். பல ஸ்கூட்டர்களில் இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஆகவே பிரேக்கைக் காயவைக்கும் பாடம் அவர்களுக்கு இன்னும் அவசியம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை நம் திருவள்ளூர் மாவட்டத்தையும் சென்னையையும் மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும் இப்படித்தான் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதலில் செய்தது, வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து பார்த்ததுதான். அதுவே பெரிய தவறு.

காற்றை அமுக்க முடியும். நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் உள்ளே இருக்கும் கம்பி வளையும், அல்லது உடையும். மூழ்கிய வண்டியில் சாவியைப் போடாதீர்கள், உதைக்காதீர்கள், தள்ளி ஸ்டார்ட் செய்யாதீர்கள். மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், வெள்ளச் சேறு காயும் முன் நல்ல தண்ணீரால் அலசுங்கள். மற்றதை மெக்கானிக் பார்க்க வேண்டும்: பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றுவது, ஏர் ஃபில்டரையும் இன்ஜின் ஆயிலையும் மாற்றுவது. ஆயில் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டிக்கு முழுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், நீர் நின்ற உயரம் தெரியும்படி போட்டோ எடுத்து, கை வைக்கும் முன் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது.

வீட்டில் கேட்டுப் பாருங்கள்

இந்தப் பாடத்தைப் படித்த பிறகு, இன்று இரவு உணவின்போது பிள்ளைகளிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டும்.

1. நம் வீட்டு போர் தண்ணீரால் கழுவி அப்படியே காயவிட்டால் வண்டியில் என்ன தங்கும்?
2. கழுவி முடித்த வண்டியில் பின்னால் ஆளை எப்போது ஏற்றலாம்?
3. செயினைத் துடைக்கும் முன் செய்ய வேண்டிய மூன்று காரியங்கள் என்ன?
4. இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தால் சைலன்சர் காயுமா?
5. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் முதலில் செய்யக் கூடாதது எது?

சகோதரர்களே, நம்மில் பலருக்கு வண்டி என்பது கடன் வாங்கி எடுத்தது. மாதத் தவணை இன்னும் முடியாதது. மீன் கூடை, பள்ளிக்கூடப் பை, பிரசவ வலி வந்த பெண் எல்லாமே அதன் மேல்தான் போகின்றன. அது நம் கையில் இருக்கும் ஓர் அமானிதம். அதைவிடப் பெரிய அமானிதம் அதைத் தொடுகிற கை. அதன் பின்னால் அமர்கிற பிள்ளை. கழுவிய பிறகு இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டையும் காக்கலாம்.

விரலை இழந்த அந்தச் சகோதரரிடம், உங்கள் கதையை எழுதலாமா என்று கேட்டோம். “பேரைப் போடாதீங்க, விஷயத்தைப் போடுங்க” என்றார். வருகிற மாத முதல் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நம் அலுவலக முற்றத்தில், ஒரு வண்டியைக் கழுவிக் காயவைத்துக் காட்ட ஏற்பாடு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். செயினை எப்படித் துடைக்க வேண்டும் என்று காட்டப்போகிறவர் அவர்தான். இளைஞர்களும் வண்டி ஓட்டும் சகோதரிகளும் தவறாமல் வர வேண்டுகிறோம். வரும்போது ஒரு பழைய கைலித் துண்டைக் கொண்டு வாருங்கள்.

அல்லாஹ் நம் எல்லோரையும், நம் பிள்ளைகளையும் விபத்துகளிலிருந்து காப்பானாக. ஆமீன்.